கரண்ட் வந்த பிறகுதான் கண்டம்

2023 டிசம்பர் 6, புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பியது. போய் அறுபத்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. தெரு முழுக்கக் கைதட்டல். எதிர்வீட்டு மொட்டைமாடியிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்கு ஓடி, மீன்தொட்டிக்குப் பின்னால் கையை விட்டு எல்லாச் சுவிட்சுகளையும் ஒன்றாகப் போட்டேன். மிக்ஜாம் புயலைத் தாக்குப்பிடித்த மீன்களைக் கொல்லப் பார்த்தது அந்தக் கைதான்.

தொட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மணலும் பாறையும் போக நிற்கும் தண்ணீர் சுமார் 200 லிட்டர். கடல்நீர்த் தொட்டி. உள்ளே இரண்டு கோமாளி மீன்கள், ஒரு நீல டாம்செல், முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் சிவப்பு இறால் ஒன்று, கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டித் தின்ன ஐந்து நத்தைகள். கோமாளிகள் கடலில் பிடித்தவை அல்ல, பொரிப்பகத்தில் பிறந்தவை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தில் இவற்றை முட்டையிட வைத்து வளர்க்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து, கடலில் பிடித்ததை வாங்குவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

பாறை விஷயம்தான் இந்தக் கதைக்கு முக்கியம். வெளிநாட்டுத் தொட்டிகளின் படங்களில் பார்க்கும் உயிர்ப்பாறை, அதாவது கடலடியிலிருந்து எடுத்த பவளப் பாறைத் துண்டு, இங்கே கிடையாது. கிடைத்தாலும் வாங்கக்கூடாது. 2001-இல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு என்ன காவலோ அதே காவல். என் தொட்டியில் இருப்பது சிமென்ட்டும் சிப்பித்தூளும் கலந்து வார்த்த போலிப் பாறை. பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உயிர்ப்பாறையின் துளைதோறும் குடியிருக்கும் பாக்டீரியா இதில் அந்த அளவுக்குச் சேர்வதில்லை. மீன் வெளியேற்றும் அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் வேலையில் பெரும்பங்கு தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் நிற்கும் கேனிஸ்டர் ஃபில்டரின் தலையில். மூடி போட்ட வாளி மாதிரி ஒரு பாத்திரம். அடியில் பஞ்சு, அதற்கு மேல் இரண்டு தட்டு நிறையச் செராமிக் வளையங்கள். தொட்டியின் கல்லீரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கல்லீரலைத்தான் நான் மூன்று நாள் மூச்சு முட்ட வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை அதிகாலை இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அந்த நிலையில் நிறுத்தாமல் இருந்திருந்தால்தான் தப்பு. இன்வெர்ட்டர் காலை ஒன்பது மணிவரை இழுத்தது. பிறகு டார்ச் பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப். அது செவ்வாய் காலை தொண்டை கட்டியது மாதிரி முனகி நின்றது. பேட்டரி வாங்கக் கடை இல்லை, கடைக்குள்ளும் தண்ணீர். அப்புறம் செம்புதான். தொட்டியிலிருந்து ஒரு செம்பு தண்ணீரை அள்ளி, ஒரு முழ உயரத்திலிருந்து அதே தொட்டிக்குள் ஊற்ற வேண்டும். விழும் வேகத்தில் காற்றை இழுத்துக்கொண்டு போகும். அரை மணிக்கு ஒருமுறை முப்பது செம்பு. இரவில் நானும் அம்மாவும் முறை வைத்து ஊற்றினோம்.

“சாமிக்குக்கூட இத்தனை அபிஷேகம் செய்ததில்லையடா நான்” என்றாள் அம்மா, மெழுகுவர்த்தியைக் கண்ணாடி ஓரமாக நகர்த்திக்கொண்டே.

மூன்று நாளும் தீனி போடவில்லை. மீனின் கழிவில் பெரும்பகுதி செவுள் வழியாக அம்மோனியாவாகவே வெளியேறுகிறது. வாய்க்குள் போவதைக் குறைத்தால் செவுளில் வருவதும் குறையும். கோமாளி மீன் மூன்று நாள் பட்டினியில் சாகாது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் சோதித்ததில் அம்மோனியா 0.25 பி.பி.எம். (லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம்) தாண்டவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

சுவிட்சைப் போட்டதும் கேனிஸ்டர் ஏப்பம் விட்டது மாதிரி ஒரு சத்தம். வெளிக்குழாயிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு புகை தண்ணீருக்குள் விரிந்தது. இரண்டு நிமிடத்தில் தொட்டியின் பின்சுவர் தெரியவில்லை. தேங்கிக் கிடந்த தூசி, ஓடிச் சுற்றினால் அடங்கிவிடும் என்று குளிக்கப் போய்விட்டேன். மூன்று நாள் ஆகியிருந்தது, மன்னிக்க வேண்டும். குளித்துவிட்டு வரும்போது கூடத்தில் முட்டை கெட்ட நாற்றம். தெருவில் நிற்கும் சாக்கடைத் தண்ணீர்தான் என்று ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகு நாற்றம் கூடியது. அப்போதாவது புரிந்திருக்க வேண்டும். மூன்று நாள் தூக்கம் பாக்கி, படுத்துவிட்டேன்.

வியாழன் காலை டாம்செல் மணல்மேல் பக்கவாட்டில் கிடந்தது. கோமாளிகள் இரண்டும் நீர்மட்டத்தில் வாயை வைத்துச் செவுளை விசிறி மாதிரி அடித்துக்கொண்டிருந்தன. இறாலைக் காணவில்லை.

சோதனைக் குழாயில் ஐந்து மி.லி. தண்ணீர், முதல் புட்டியிலிருந்து எட்டுச் சொட்டு, இரண்டாவதிலிருந்து எட்டுச் சொட்டு, குலுக்கி ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அம்மோனியா இல்லையென்றால் எலுமிச்சை மஞ்சள். 0.25-இல் அந்த மஞ்சளுக்குள் பச்சை எட்டிப் பார்க்கும். அன்று ஐந்து நிமிடம் காத்திருக்க அவசியமே ஏற்படவில்லை. இரண்டாவது நிமிடமே வாழைக்குருத்தின் பச்சை. ஐந்தாவது நிமிடம் முற்றிய இலை. டியூப் லைட்டில் பார்த்தால் நிறம் ஏமாற்றும் என்று பால்கனிக்கு எடுத்துப்போய் அட்டையோடு வைத்துப் பார்த்தேன். 2.0.

எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. கேனிஸ்டரின் பிளக்கைப் பிடுங்கி, இரண்டு குழாய்களையும் அடைத்து, குளியலறைக்குத் தூக்கிப்போய் மூடியைத் திறந்தேன். திறந்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடிப்பஞ்சு நான் போட்டபோது நீலம், இப்போது கறுப்பு. விரலால் தொட்டால் மசியைப் போல ஒட்டியது. கீழ்த்தட்டு வளையங்களில் கொழகொழவென்று ஒரு தோல். மேல்தட்டு மட்டும் ஓரளவு பழைய தவிட்டு நிறத்தில் இருந்தது.

உள்ளே நடந்தது இதுதான். ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியாவுக்குப் பிராணவாயு வேண்டும். ஓட்டம் நின்றதும் அந்த வாளிக்குள் இருக்கும் ஐந்தாறு லிட்டர் தண்ணீரின் பிராணவாயுவைச் சில மணி நேரத்தில் அவையே தீர்த்துவிடுகின்றன. அதன்பின் மூடிய பாத்திரத்துக்குள் எல்லாம் அழுகுகிறது: பஞ்சில் பிடித்த மீன் எச்சம், தின்னாமல் போன தீனி, செத்த பாக்டீரியாவும்கூட. நன்னீர்த் தொட்டியென்றால் அம்மோனியாவோடு பெரும்பாலும் முடிந்துவிடும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது. காற்றில்லாத இடத்தில் அந்தச் சல்ஃபேட்டைக் கொண்டு பிழைக்கும் வேறொரு பாக்டீரியாக் கூட்டம் ஹைட்ரஜன் சல்ஃபைடை விடுகிறது. முட்டை கெட்ட நாற்றம் அதுதான். ஒரே இரவில் டாம்செல்லைக் கொன்றது அம்மோனியாவைவிட அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சல்ஃபைடு காற்றுப் பட்டால் சீக்கிரம் ஒழிந்துவிடும், அம்மோனியா ஒழியாது.

ஒரு வாளி அழுக்குக்கு 2.0 எப்படி ஏறும் என்ற சந்தேகம் எனக்கும் வந்தது. கணக்குப் போட்டேன். 200 லிட்டரில் 2.0 பி.பி.எம். என்றால் மொத்தம் 400 மில்லிகிராம் அம்மோனியா. அதில் நைட்ரஜன் 330 மில்லிகிராம். புரதத்தில் ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். ஆக, இரண்டு கிராம் புரதம் அழுகினால் போதும். மீன் தீனியில் ஒரு மேசைக்கரண்டி. நான்கு மாதமாகக் கழுவாத பஞ்சில் அது எத்தனை மடங்கு இருந்திருக்கும் என்பதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு சங்கதியும் அன்றுதான் விளங்கியது. புதன்கிழமை மத்தியானம் பி.எச். 7.8, வியாழன் காலை 8.2. மின்சாரம் இல்லாதபோது தொட்டிக்குள் கரியமில வாயு தேங்கி பி.எச். இறங்கியிருந்தது; பம்புகள் ஓடி அது வெளியேறியதும் ஏறிவிட்டது. தொட்டிக்கு நல்லதுதானே என்று தோன்றும். அம்மோனியா தண்ணீரில் இரண்டு வேடத்தில் இருக்கிறது. ஒன்று மீனுக்கு அதிகம் தீங்கு செய்யாத அம்மோனியம். மற்றது செவுளைத் தாண்டி ரத்தத்துக்குள் புகும் நச்சு அம்மோனியா. சோதனைப்பெட்டி இரண்டையும் கூட்டித்தான் காட்டும். 7.8-இல் நூற்றுக்கு மூன்று பங்கு நச்சு, 8.2-இல் ஏழெட்டுப் பங்கு. அதாவது 2.0-இல் 0.15 அளவுக்கு நச்சு. 0.02-ஐத் தாண்டக்கூடாது என்பது மீன் வளர்ப்பில் பொதுவாக வைத்துக்கொள்ளும் எல்லை. அதற்காகக் காற்றை நிறுத்தி பி.எச்.-ஐ இறக்கவும் முடியாது; செவுள் வெந்துபோன மீனுக்குப் பிராணவாயுதான் முதல் மருந்து. தண்ணீரை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

தண்ணீர்! வெள்ளத்தில் மிதந்த ஊரில் நல்ல தண்ணீருக்கு நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறது, அதற்குத் தண்ணீர் ஏறும் தரைமட்டத் தொட்டிக்குள் தெருத்தண்ணீர் இறங்கிவிட்டது. நீலாங்கரைக்குப் போய்க் கடல்தண்ணீரே எடுத்துவரலாம் என்று அலுவலக நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். சாதாரண நாளில் கேட்கலாம். அடையாறும் கூவமும் ஊரின் அழுக்கையெல்லாம் வாரிக்கொண்டு கடலில் விழுந்துகொண்டிருந்த வாரம் அது. வடக்கே எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலம் வேறு. கைகூப்பிவிட்டேன்.

மிச்சம் கேன் தண்ணீர். தெருமுனைக் கடைக்காரர் வழக்கமாக நாற்பது ரூபாய்க்குக் கொடுக்கும் இருபது லிட்டர் கேனை அன்று நூறுக்கு விற்றார். கேட்டவர் நிறைய, கேன் குறைவு. மூன்று கேனை இரண்டு மாடி ஏற்றுவதற்குள் தோள் கழன்றது.

“குடிக்கத் தண்ணீர் இல்லையென்று ஊரே அலைகிறது, நீ மீனுக்கு வாங்கி ஊற்றுகிறாய்” என்றாள் அம்மா. கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனாலும் ஒரு கேனை அடுக்களைக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக இன்னொன்றை வாங்கி வந்தேன்.

அறுபது லிட்டருக்குக் கடலுப்புக் கலவை லிட்டருக்கு 37 கிராம் வீதம் இரண்டே கால் கிலோ. டப்பாவில் நான்கு கிலோ இருந்தது. போதாமல் போனால் கல்லுப்பு இருக்கிறதே, அதுவும் கடலில் விளைந்ததுதானே என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. தூத்துக்குடி உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது கால்சியம் ஜிப்சமாக முந்திக்கொண்டு படிந்துவிடும். அதற்குப் பிறகுதான் உப்பு விளையும். மெக்னீசியம் கடைசியில் வடித்துவிடும் கசப்பு நீரோடு போய்விடும். நம் கைக்கு வருவது ஏறக்குறைய வெறும் சோடியம் குளோரைடு. குழம்புக்கு அது போதும். இறால் தோல் கட்ட கால்சியமும் மெக்னீசியமும் வேண்டும்.

புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீரை ஒரு நாளாவது பம்ப் போட்டுச் சுழல விட வேண்டும் என்பது ஒழுங்கு. நான் இரண்டு மணி நேரம் விட்டேன். உப்புத்தன்மை தொட்டியில் 35, வாளியில் 35. ரிஃப்ராக்டோமீட்டரில் இரண்டுமுறை பார்த்தேன். வெப்பநிலையும் சரிபார்த்து, மணலோடு சேர்த்துப் பழைய தண்ணீரில் அறுபது லிட்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை மெல்ல ஊற்றினேன். 200-இல் 60 போனால் மிஞ்சுவது எழுபது சதவீதம். 2.0 இப்போது 1.4 ஆக வேண்டும். மாலையில் அட்டையில் 1-க்கும் 2-க்கும் நடுவில் ஒரு பச்சை. கணக்குப் பொய்க்கவில்லை. வெள்ளிக்கிழமை இன்னும் மூன்று கேன். 1.0.

உறிஞ்சி எடுத்த பழைய தண்ணீரைக் கொட்டவில்லை. அதில்தான் செராமிக் வளையங்களை அலசினேன். குழாய்த் தண்ணீரில் அலசினால் அதிலுள்ள குளோரின், தப்பிப் பிழைத்த நல்ல பாக்டீரியாவையும் முடித்துவிடும். பஞ்சைத் தூக்கி எறிந்தேன். கீழ்த்தட்டு வளையங்களை அந்தத் தோல் போகும்வரை நான்கு தடவை. மேல்தட்டை ஒரே தடவை, பட்டும் படாமலும். பிராணவாயு இல்லாமல் இரண்டு மூன்று நாள் கிடந்தாலும் இந்தப் பாக்டீரியாக்கள் அத்தனையும் சாவதில்லை. ஒரு பகுதி முடங்கிக் கிடந்து மறுபடி எழும். எவ்வளவு எழும் என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் எல்லோரும் ஆலோசகர்கள் ஆனார்கள். தொலைபேசியில் கிடைத்த மீன்கடைக்காரர் ஒருவர், “ஜியோலைட் கல் இரண்டு கிலோ போடுங்கள் சார், ராத்திரிக்குள் இறங்கிவிடும்” என்றார். நன்னீரில் அவர் சொல்வது சரி. ஜியோலைட் தன்னிடமுள்ள சோடியத்தைக் கொடுத்துவிட்டு அம்மோனியத்தைப் பிடித்துக்கொள்ளும். கடல்நீரில் எங்கு திரும்பினாலும் சோடியம். அம்மோனியத்துக்கு இடமே கிடைக்காது. நன்னீர்க்காரர்கள் ஜியோலைட்டைப் புதுப்பிக்க அதை உப்புத்தண்ணீரில்தான் ஊறவைக்கிறார்கள், பிடித்த அம்மோனியத்தை அது கக்கிவிடும் என்பதற்காக. அதைக் கொண்டுவந்து உப்புத்தண்ணீரில் போட்டால் வெறும் கல்தான். அவரிடம் இதை விளக்கவில்லை. அவருடைய கடைக்குள்ளும் இடுப்பளவுத் தண்ணீர் நின்றிருந்தது. அந்த நிலையிலும் போனை எடுத்துப் பேசினார் என்பதே பெரிது.

குளோரினை முறிக்க வைத்திருக்கும் திரவம், அம்மோனியாவையும் கட்டிப்போடும் என்று புட்டியில் அச்சிட்டிருக்கிறது. அது உண்மையா என்று கடல்தொட்டி வளர்ப்பவர்களுக்குள் சண்டை ஓய்ந்தபாடில்லை. நான் ஊற்றினேன், நம்பவில்லை. புட்டியில் அடைத்து விற்கும் பாக்டீரியாவும் ஒன்று வாங்கினேன். நைட்ரஜன் வேலை செய்யும் இந்தப் பாக்டீரியாக்கள் விதை மாதிரி உறைந்து கிடக்கும் வகையல்ல; வெயிலில் லாரியில் பயணம் செய்து, மாதக்கணக்கில் அலமாரியில் நின்ற புட்டியில் எத்தனை உயிரோடு இருக்கும் என்பது அந்தப் புட்டிக்குத்தான் வெளிச்சம். ஊற்றிய மறுநாளும் அதற்கு மறுநாளும் ஒரு மாற்றமும் இல்லை. குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காசுக்குக் கேன் வாங்கியிருக்கலாம்.

பொறுமை வேண்டும், அவ்வளவுதான். வயிற்றுப்போக்குக் கிருமி இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். அம்மோனியா தின்னும் பாக்டீரியாவுக்கு அரை நாளோ ஒரு நாளோ ஆகும். இதில் ஒரு வேடிக்கை. 1890 வாக்கில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி பிரித்துக் காட்டியதிலிருந்து இந்த வேலையைச் செய்வது பாக்டீரியாதான் என்று நூறு வருடமாகப் பாடம் நடத்தினார்கள். 2005-இல், பாக்டீரியாவே அல்லாத ஆர்க்கியா என்ற வேறோர் இனமும் இதே பிழைப்பு நடத்துவதை நிரூபித்தார்கள். கடலில் அம்மோனியாவைத் தின்பதில் அவற்றுக்குத்தான் பெரும்பங்கு என்கிறார்கள் இப்போது. அந்த முதல் உயிரை எங்கே பிடித்தார்கள் தெரியுமா? அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து மீன் காட்சியகத்தில், ஒரு கடல்நீர்த் தொட்டியின் சரளைக் கல்லிலிருந்து. என் மணலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

சனிக்கிழமை மறுபடி ஒரு மாற்றம், நாற்பது லிட்டர். 0.8 ஆகியிருக்கும். ஞாயிறு காலை 0.5. கோமாளிகள் கீழே இறங்கிவிட்டன. பெரியது தன் மூலையில் மணலை வாலால் விசிறத் தொடங்கியது. உடம்பு சரியாக இருந்தால்தான் அது செய்யும் வேலை.

அன்று மத்தியானம் பாறைக்குப் பின்னால் இறாலைப் பார்த்தேன். மல்லாந்து கிடந்தது. மீசை, கால், கண் எல்லாம் இருந்தும் நிறம் மட்டும் வெளுத்திருந்தது. வலையை விட்டு எடுத்தேன். கையில் எடையே இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் முதுகு பிளந்த வெறும் தோல். சட்டை உரித்திருக்கிறது! அடுத்தடுத்துத் தண்ணீர் மாற்றினால் இறால் தோல் உரிப்பதுண்டு என்று படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உரித்த தோலை மறுபடி உள்ளேயே போட்டேன். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறாலே தின்னும். உடையவர் இரண்டு நாள் கழித்து, புதுத்தோல் இறுகிய பிறகு, பாறையடியிலிருந்து மீசையை மட்டும் நீட்டினார்.

ஆனால் 0.5 அதற்குக் கீழே இறங்கவில்லை. திங்கள் 0.5. செவ்வாய்க்கிழமை இன்னும் நாற்பது லிட்டர் மாற்றி 0.4 ஆக வேண்டியது, புதன் காலை மறுபடி 0.5. மாற்றும் வேகத்துக்கு ஈடாக எதுவோ உள்ளே ஊற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தீனி அப்போதும் இரண்டு நாளைக்கு ஒரு சிட்டிகைதான். ஃபில்டரை மறுபடி திறந்தேன், வாசனை இல்லை. மணலைக் குச்சியால் கிளறினேன், கறுப்பு இல்லை. சோதனைப்பெட்டியிலேயே சந்தேகம் வந்து, கேன் தண்ணீரைச் சோதித்தேன். சுத்த மஞ்சள்.

கண்டுபிடித்தது அம்மா. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “உன் நத்தை ஐந்துதானே? நான்குதான் ஊர்கிறது” என்றாள். அவளுக்கு இந்தத் தொட்டியில் பிடித்தது நத்தைகள் மட்டும்தான். சத்தமில்லாமல் வேலை செய்கின்றன என்பாள்.

ஐந்தாவதைத் தேட இரண்டு பாறையை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவது பாறையின் அடியில், மணலில் பாதி புதைந்து, வாய் கீழாகக் கிடந்தது. உயிருள்ள நத்தையின் வாயில் வட்டமான ஒரு கதவு இருக்கும். தொட்டால் உள்ளே இழுத்துச் சாத்திக்கொள்ளும். இதில் கதவைக் காணோம். உள்ளே சோறு வடித்த கஞ்சி போல ஏதோ. மூக்கருகே கொண்டுபோகவே தேவையில்லை, அரை அடியிலேயே தெரிந்தது. எலுமிச்சை அளவு நத்தை. புரதக் கணக்கு உங்களுக்கே தெரியும். புதன் இரவு சல்ஃபைடில் செத்திருக்கும். ஒரு வாரமாக நான் கேன் தூக்கிக்கொண்டிருந்தது இதற்காகத்தான்.

எடுத்த மறுநாள், டிசம்பர் 14, 0.25. பதினேழாம் தேதி எலுமிச்சை மஞ்சள். பால்கனி, டியூப் லைட், டார்ச் மூன்றிலும் பார்த்தேன்.

இடையில், அம்மோனியாவைப் பாக்டீரியா தின்னும்போது உண்டாகும் நைட்ரைட் ஏறத் தொடங்கி 2 வரை போனது. நன்னீர்த் தொட்டியாக இருந்தால் அலறியிருப்பேன். கடல்நீரில் உள்ள குளோரைடு செவுள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதால் நைட்ரைட் எளிதில் உள்ளே போக முடியாது. நன்னீர் மீனுக்கு நைட்ரைட் பிரச்சினை வந்தால் உப்புப் போடச் சொல்வது இதனால்தான். அதைத் தொடவில்லை. மாதக் கடைசியில் தானாக இறங்கியது.

டாம்செல் இடத்தில் வேறு மீன் வாங்கவில்லை. மாறாக, கேனிஸ்டரின் பிளக் சுவிட்ச்போர்டில் நேராகப் போகாதபடி, அதைத் தனியாக ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு மாற்றி, மேலே வெள்ளை டேப் ஒட்டிப் பேனாவால் எழுதினேன்: “நின்று ஒரு மணி நேரம் ஆனால் திறந்து பார்க்காமல் போடாதே.” காசு செலவழித்தது ஒன்றுக்குத்தான்: மின்சாரம் போனால் தானாகப் பேட்டரிக்கு மாறும் ஏர் பம்ப். பஞ்சை மாதம் ஒருமுறை கழுவுகிறேன். நாட்காட்டியில் அமாவாசைக்குப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன், அம்மா நினைவுபடுத்துவாள் என்பதால்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். காலையிலிருந்தே மழை. பதினொரு மணிக்கு மின்சாரம் போனது. ஏர் பம்ப் தானாக ஓடத் தொடங்கியது. பன்னிரண்டு மணிக்குக் கேனிஸ்டரைக் குளியலறைக்குத் தூக்கிப்போய்த் திறந்தேன். வாசனை இல்லை, ஈர மண் மாதிரி ஒரு நெடி மட்டும். வளையங்களை எடுத்து, காய்கறி வாங்கும் இரண்டு வலைப்பைகளில் கட்டி, தொட்டிக்குள் குமிழி கிளம்பும் இடத்துக்கு நேர் மேலே தொங்கவிட்டேன். காற்றும் ஓட்டமும் கிடைக்கும் இடத்தில் அவை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். கோமாளிகள் முதலில் பயந்து ஒதுங்கி, பிறகு பைக்கு அடியில் வந்து நின்றுகொண்டன.

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்து பார்த்தாள்.

“வெங்காயப் பையா அது?”

“ஆமாம்.”

“இரண்டையும் எடுத்துவிட்டாயா? நாளைக்கு வெங்காயத்தை நான் எதில் வைப்பது?”

மின்சாரம் இரவு எட்டு மணிக்கு வந்தது. கைதட்டல் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை, சாப்பிட்டு முடித்து, கை கழுவி, வளையங்களை நிதானமாகத் தட்டில் அடுக்கி, புதுப்பஞ்சு வைத்து மூடி, ஒன்பதேகாலுக்குச் சுவிட்சைப் போட்டேன். மறுநாள் காலை எட்டுச் சொட்டும் எட்டுச் சொட்டும் விட்டு ஐந்து நிமிடம் முழுசாகக் காத்திருந்தேன். மஞ்சள்.